சம்பளம் முதலில் உங்கள் பெயரில் இறங்கட்டும்

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு ஷிப்யார்டு வேலைக்குப் போகிறார். வொர்க் பெர்மிட் வந்துவிட்டது. ஏஜென்டுக்குக் கட்டுவதற்காக இரண்டரை லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஊரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. சம்பளத்தை அப்பா கணக்குக்கு அனுப்பலாமா, மனைவி கணக்குக்கு அனுப்பலாமா? உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, போட்டால் ரேட் அதிகம் என்கிறார்களே, உண்மையா? வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஈ கணக்கெல்லாம் பெரிய சம்பளக்காரர்களுக்குத்தானே? கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஊரில் வயல் வாங்கலாமா? இவைதான் அவர் கேள்விகள்.

வங்கியில் வெளிநாட்டுக் கணக்குகள் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை அப்பா கணக்குக்கும் அனுப்ப வேண்டாம், மனைவி கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் பெயரில் இருக்கும் என்ஆர்ஈ கணக்குக்கு அனுப்புங்கள். அங்கிருந்து மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு உரிய தொகை தானாக அவர்கள் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். வீட்டார்மீது நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வெயிலிலும் இரும்பிலும் கிடந்து உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், 'இத்தனை வருடம் அனுப்பிய பணம் எங்கே போயிற்று?' என்று கேட்டு நிற்பதை வங்கியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் அவர்களை ஏமாற்றியிருக்க மாட்டார்கள். வந்த பணம் வந்த வேகத்தில் காதுகுத்தாகவும் சீர்வரிசையாகவும் தம்பியின் பைக்காகவும் கரைந்திருக்கும். எது குடும்பத்துக்கு, எது சேமிப்புக்கு என்று எங்கேயும் பிரித்திருக்க மாட்டார்கள். அந்தப் பிரிவினையைப் பணம் ஊருக்கு வந்து சேரும் இடத்திலேயே செய்துவிட வேண்டும்.

என்ஆர்ஈ கணக்கு பெரிய சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். வேலைக்காக வெளிநாடு போகும் எந்த இந்தியரும் அதைத் தொடங்கலாம். ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்பட்டவுடனேயே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். 182 நாள் கணக்கெல்லாம் வருமான வரிக்கு; அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எனவே ஊரில் இப்போது வைத்திருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரச் சட்டத்தில் இடமில்லை. வங்கிக்குத் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் இதைச் செய்வதே இல்லை. பிற்பாடு கேஒய்சி என்ற வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்கும்போது, பாஸ்போர்ட்டையும் வொர்க் பெர்மிட்டையும் பார்த்துவிட்டு வங்கி கேள்வி கேட்கும். அப்போது விடுமுறையில் வந்த பத்து நாளும் கிளைக்கு அலைவதிலேயே போய்விடும்.

இரண்டு கணக்குக்கும் வேறுபாடு எளிது. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணம் என்ஆர்ஈ கணக்குக்கு வரும். அதற்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். ஊரில் கிடைக்கும் வருமானம், அதாவது வீட்டு வாடகை, நெல் விற்ற பணம், மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று போன்றவை என்ஆர்ஓ கணக்குக்குத்தான் போக வேண்டும். அவற்றை என்ஆர்ஈயில் போட முடியாது. என்ஆர்ஓ வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ் வரியும், மொத்தம் 31.2 சதவீதம், பிடித்துவிடுவார்கள். இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் சில நூறு ரூபாய் வட்டிக்காக யார் அந்த வேலையில் இறங்குவார்கள்? ஆகவே என்ஆர்ஓவில் தேவைக்கு மட்டும் வையுங்கள். சேமிப்பு என்ஆர்ஈயில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முன்பே கிளைக்குப் போய் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட்டுக்கான அனுமதிக் கடிதம், பான் அட்டை, சிங்கப்பூர் முகவரி ஆகியவை கேட்பார்கள். சில வங்கிகள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கைத் திறக்கும். அப்படியானால் நகல்களில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மூன்றுக்கும் சிங்கப்பூரில் கிளை உண்டு என்பதால், ஊரில் அவற்றில் ஒன்றில் கணக்கு இருந்தால் இந்தச் சான்றொப்ப வேலை சுலபமாகலாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்ததே கடல் கடந்து போன நம் பக்கத்து மக்களின் பணத்தோடு சேர்ந்துதான். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அதைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. ரங்கூனில் ஈட்டிய காசு காரைக்குடிக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்ற தேவை அன்றைக்கே இருந்தது.

குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இது வங்கிக்கு வங்கி மாறும். தனியார் வங்கிகளில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இருப்புக் குறைந்தால் சில வங்கிகள் அபராதம் பிடிக்கும்.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவோம். வங்கிப் புத்தகத்தில் 'மு. செல்வம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'செல்வம் முத்து' என்று விரிந்திருக்கும். பான் அட்டையில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். அனுப்புகிற இடத்தில் ஒரு வடிவத்தைக் கொடுத்து, வாங்குகிற கணக்கில் வேறு வடிவம் இருந்தால், பணம் நடுவழியில் நின்று ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரலாம். மூன்றிலும் ஒரே வடிவம் இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். மனைவி, அப்பா கணக்குகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

கிளையின் அடையாளமான ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு போகாதீர்கள். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்ததில் எண்கள் மாறிவிட்டன. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய எண்ணோடு பாஸ்புக் இன்னும் எத்தனையோ வீட்டுப் பீரோக்களில் இருக்கிறது.

அடுத்தது சிம். வங்கியின் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த எண் முகம் தெரியாத ஒருவர் கையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ரீசார்ஜ் தவறாமல் செய்து, சர்வதேச ரோமிங்கை இயக்கி, சிம்மை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் விட்டுப் போகாதீர்கள். சிங்கப்பூர் எண் கிடைத்ததும் அதையே என்ஆர்ஈ கணக்கில் பதிந்துகொள்வது இன்னும் நல்லது. சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களோடு என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளை யுபிஐயில் இணைக்க 2023லேயே வழி திறந்தாயிற்று.

இனி சிங்கப்பூர். போனவுடன் நிறுவனமே பெரும்பாலும் பிஓஎஸ்பி போன்ற வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுக்கும். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரோ ஏஜென்டோ 'நான் வைத்திருக்கிறேன்' என்றால் கொடுக்காதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணமும் வர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விவரம் பிரித்து எழுதிய சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். உங்கள் பெர்மிட் அனுமதிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முதல் மாதச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெர்மிட்டுக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'உன் கணக்கை ஒரு மாதம் கொடு, முந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன்' என்று யாராவது வருவார்கள். அறையில் கூடத் தங்கியிருப்பவராகவே இருக்கலாம். ஏடிஎம் அட்டையையோ, சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லையோ அப்படிக் கொடுத்தால், மோசடிப் பணமும் வட்டிக் கும்பல்களின் பணமும் உங்கள் பெயரில் ஓடும். இதற்கென்றே அங்கே சட்டத்தைத் திருத்தி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் இனி எளிதில் எடுபடாது. சிறை, பிறகு பெர்மிட் ரத்து, பிறகு திரும்ப நுழையத் தடை. மூன்று வட்டிக் கடன் ஊரில் அப்படியே நிற்கும்.

பணம் போடுவதற்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்ப்பீர்கள். 'இன்றைக்கு ரேட் என்ன?' என்பதுதான் அங்கே எல்லாரும் பேசுவது. ரேட் பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நான் 600 வெள்ளி கொடுத்தால், என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?'

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். ஒரு கடையில் கட்டணமே இல்லை, ரேட் 64.40. கையிலிருந்து 600 வெள்ளி போகிறது. 38,640 ரூபாய் சேர்கிறது. பக்கத்துக் கடையில் 4 வெள்ளி கட்டணம், ரேட் 65. மீதி 596 வெள்ளிக்கு 38,740 ரூபாய் வருகிறது. கட்டணம் வாங்கிய கடையே நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறது. 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருந்தால், அந்தக் கமிஷன் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கலாம் என்று பொருள். கட்டணம் பெரும்பாலும் தொகை எவ்வளவானாலும் ஒன்றே என்பதால், மாதம் இரண்டு மூன்று முறை துண்டு துண்டாக அனுப்புவதைவிட ஒரே முறை அனுப்புவது மேல்.

வங்கி வழியாக ஸ்விஃப்ட் முறையில் அனுப்பினால் நடுவில் இருக்கும் இன்னொரு வங்கியும் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். சின்னத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. வெளிநாட்டுப் பணமாகவே வந்து இந்திய வங்கி அதை ரூபாயாக மாற்றினால், அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி உண்டு: 25,000 ரூபாய் வரை 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். அதைவிட, சிங்கப்பூர் வங்கிகளே தங்கள் செயலியில் வைத்திருக்கும் பணம் அனுப்பும் வசதி நல்லது. உரிமம் பெற்ற பரிமாற்ற நிறுவனங்களின் செயலிகளும் அப்படியே. அங்கேயே ரூபாயாக மாற்றி, பெரும்பாலும் அன்றைக்கே கணக்கில் சேர்த்துவிடுகின்றன. எந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது என்று சிங்கப்பூர் நாணய வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வாரிய உரிமம் இல்லாத கடையில் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இந்தியாவின் யுபிஐயையும், அதே போன்ற சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். சிங்கப்பூர்ப் பக்கத்தில் டிபிஎஸ் வங்கி இதில் சேர்ந்திருக்கிறது; பிஓஎஸ்பியும் அதே குழுமம் என்பதால் உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தே இதைச் செய்ய வழியுண்டு. மனைவியின் யுபிஐ முகவரிக்கு அனுப்பினால் சில விநாடிகளில் ஊரில் விழும். தொடங்கும்போது நாளொன்றுக்கு 60,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி என்று வரம்பு வைத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. மனைவியின் வங்கி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, அவர் கணக்கில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். மாதச் சேமிப்புக்கு இதைப் பழக்கப்படுத்தாதீர்கள். அது என்ஆர்ஈக்கே போகட்டும்.

இனி உண்டியல். ரேட் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பல நேரங்களில் உண்மைதான். அதனால்தான் நல்ல பிள்ளைகளும் அதில் விழுகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆசை விட்டுப்போகும். நீங்கள் அங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுக்கிறீர்கள். அந்த வெள்ளி இந்தியாவுக்கு வருவதே இல்லை. தங்கம் கடத்துகிறவருக்கோ, இறக்குமதிச் சரக்குக்குக் குறைத்து விலை காட்டுகிறவருக்கோ அங்கே வெள்ளி தேவைப்படுகிறது, அவரிடம் போகிறது. அதற்கு ஈடாக அவருடைய ஆள் இந்தியாவில் கையில் இருக்கும் கணக்கில் வராத ரூபாயை உங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். முன்பெல்லாம் பைக்கில் வந்து ரொக்கமாகக் கொடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஆபத்து முற்றிப்போனது இங்கேதான்.

அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? வடநாட்டில் ஒரு முதியவரை 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறித்த பணமாக இருக்கலாம். அந்த முதியவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கிறார். பணம் போன வழியில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் போலீஸ் வரிசையாக முடக்குகிறது. மூன்றாவது நான்காவது கணக்காக உங்கள் அப்பாவின் கணக்கு நிற்கிறது. ஓய்வூதியம் வரும் கணக்காகவும், நகைக்கடன் கட்டும் கணக்காகவும் அது இருக்கலாம். விவரம் கேட்டால் கிளையில் வேறு மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். மொழி தெரியாத ஊருக்கு அப்பா எழுதிப் போட வேண்டும், அல்லது போக வேண்டும். 'என் மகன் சிங்கப்பூரில் இருந்து அனுப்பிய பணம்' என்று சொல்லலாம். ஆனால் அதற்கு ரசீது எங்கே? அனுப்பியதாகப் பதிவில் இருக்கும் பெயர், கேள்விப்பட்டிராத ஊரில் இருக்கும் கேள்விப்பட்டிராத ஆள். மாதக்கணக்கில் கணக்கு முடங்கிக் கிடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தத் தாய்மார்கள் கவுண்டரில் நின்று அழுததையும் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கு ஐம்பது பைசா கூடக் கிடைத்ததற்காகப் பட்ட பாடு அது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வழியில் அல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர் சார்பாகப் பணம் வாங்குவது ஃபெமா விதிமீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால், 'மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், காட்டுங்கள்' என்பார்கள். என்ஆர்ஈ கணக்கின் வரவுகள் உங்கள் சம்பாத்தியத்துக்குச் சாட்சி. உண்டியலில் போட்டவர் பத்து ஆண்டு உழைத்தும் காகிதத்தில் ஒன்றுமே சம்பாதிக்காதவர்.

ரிசர்வ் வங்கியின் 2023-24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்து மூன்றாவதாகத் தமிழ்நாடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. அது வங்கி வழியாக வந்து பதிவானது மட்டும்.

கடனை எப்படி அடைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் முதலில் வர வேண்டியது அதுதான். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். இரண்டரை லட்சத்துக்கு மாதம் 7,500, ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி மட்டும். வீட்டில் நகை இருந்தால், மனைவி சம்மதித்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கி இதை இன்றைக்கே அடையுங்கள். வங்கியில் ஏறக்குறைய 10 சதவீதம் என்று வைத்தால் வட்டி 25,000தான். மிச்சம் 65,000 ரூபாய் உங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்கூட இருக்கலாம். நகை இல்லையென்றால், கடன் அடையும்வரை சேமிப்பு, சீட்டு, வைப்புநிதி எதையும் யோசிக்காதீர்கள். உலகத்தில் எந்த வைப்புநிதியும் 36 சதவீதம் தராது. கட்டும் ஒவ்வொரு தொகையும் வட்டிக்கா அசலுக்கா என்று எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கு வழியாகவே கட்டுங்கள்.

ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 600 வெள்ளிக்கு ஐம்பது பைசா ஏறினால் 300 ரூபாய். அதற்காக ஒரு வாரம் காத்திருந்தால், அந்த 600 வெள்ளியால் அடைத்திருக்கக்கூடிய ஏறக்குறைய 39,000 ரூபாய்க் கடனுக்கு அந்த வாரத்து வட்டி ஏறக்குறைய 270 ரூபாய். ரேட் இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் நட்டம். சம்பளம் வந்த இரண்டு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன், ஒரு மாதச் சம்பளம் அளவுக்காவது பிஓஎஸ்பி கணக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிடுங்கள். வேலை திடீரென்று நின்றால் அறைச் சாப்பாட்டுக்கு யாரிடமும் கைநீட்டக் கூடாது.

வீட்டுச் செலவுக்கான தொகையை மனைவியோடும் அப்பாவோடும் உட்கார்ந்து பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். ஒன்றாம் தேதியோ ஐந்தாம் தேதியோ என்ஆர்ஈயிலிருந்து அவர்கள் கணக்குக்கு அந்தத் தொகை போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுக்கலாம். மாதாமாதம் கேட்டு வாங்கும் நிலை மனைவிக்கு வரக் கூடாது; அவருக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது. அவசரத்துக்கு உங்கள் என்ஆர்ஈ கணக்கை அவர் இயக்க வேண்டுமென்றால் அதற்கு முறையான வழி உண்டு. வங்கியிலேயே ஒரு படிவத்தில் அவரை அதிகாரம் பெற்றவராகப் பதியலாம். உள்ளூர்ச் செலவுக்கு அவர் எடுக்க முடியும். அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டுப் போவதைவிட இது எத்தனையோ பாதுகாப்பு. சொத்தை விற்கவும் வாங்கவும் கையெழுத்துப் போடக்கூடிய பொது அதிகாரப் பத்திரத்தை வங்கி வேலைக்காக யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கடன் தீர்ந்த பிறகு சேரும் பணத்தை மனைவி பெயரில் வைப்புநிதியாகப் போடுவது வழக்கம். உங்கள் பெயரில் என்ஆர்ஈ வைப்புநிதி அதைவிட மேல். நீங்கள் மனைவிக்குக் கொடுத்த பணத்துக்கு வரி இல்லை என்றாலும், அந்தப் பணத்தில் வரும் வட்டியை உங்கள் வருமானமாகவே வரித்துறை சேர்த்துப் பார்க்கும். என்ஆர்ஈ வைப்புக்கு உள்ளூர் வைப்புக்கு ஏறக்குறைய சமமான வட்டி. அதற்கு வரியே கிடையாது. ஓராண்டு முடியுமுன் உடைத்தால் வட்டி வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மனைவியை இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம், நாமினியாக நியமிக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நியமனம் செய்ய முடியும். நியமனம் செய்யாத கணக்கில் துயரம் நேர்ந்தால் வாரிசுச் சான்றிதழுக்காக அந்தப் பெண் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும். இதைப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள், தம்பி. ஷிப்யார்டு வேலை ஆபத்தான வேலை.

வயல் வாங்கும் ஆசைக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க ஃபெமா அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்க முடியாது. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். பணம் என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து போக வேண்டும். மனை என்று சொல்லி விற்பது உண்மையில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுதானா, வருவாய்ப் பதிவில் இன்னும் புஞ்சை என்றே இருக்கிறதா என்று பத்திரம் பதியுமுன் பார்க்க வேண்டும்.

'அப்பா பெயரில் வயல் வாங்கிவிடுகிறேன்' என்பார்கள். அப்பா வாங்கலாம், தடையில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தது அப்பாவுக்கு அன்பளிப்பு, வாங்கிய நிலம் அப்பாவின் சொத்து. உயில் எழுதாமல் அவர் காலமானால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை எல்லாருக்கும் சம பங்கு. யாருடைய வியர்வையில் வாங்கியது என்று சட்டம் கேட்காது. குடும்பத்துக்கே இருக்கட்டும் என்று மனதார நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். அது நல்ல மனது. உங்கள் பிள்ளைகளுக்கு என்று நினைத்துச் செய்யாதீர்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகளில் பாதிக்குக் காரணம் இப்படி வாங்கிய நிலம்தான்.

திரும்பி வரும்போது சிங்கப்பூர்க் கணக்கில் இருப்பதை முழுதும் அனுப்பிவிட்டு, பெர்மிட் ரத்தாகுமுன் கணக்கை முறையாக மூடுங்கள். ஊருக்கு நிரந்தரமாக வந்ததை வங்கிக்குச் சொல்லி என்ஆர்ஈ, என்ஆர்ஓ இரண்டையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். அன்றிலிருந்து வட்டிக்கு வரி உண்டு. இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் செய்யாமல் விட்டுவைத்த கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டு கடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். கேட்டு மனுப் போட்டால் அப்போதும் திரும்பக் கிடைக்கும். பழைய கணக்கு எதையாவது மறந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் உட்கம் இணையதளத்தில் பெயரையும் பான் எண்ணையும் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, இந்த வாரமே பாஸ்போர்ட்டையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்குப் போய் என்ஆர்ஈ படிவம் கேட்பது. மேலாளர் 'அங்கே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னாலும், என்னென்ன தாள் வேண்டும், யாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.